ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது? வாசகர் கேள்வி பதில்

நேட்டால் வாசகர்களிடமிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றியவற்றை இந்த இதழில் ஒன்றுசேர்த்திருக்கிறோம். முடக்குவாதம், லூபஸ், தைராய்டு, நீரிழிவு என்று நோய்கள் வேறு வேறு. ஆனால் எல்லாக் கடிதங்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடுகிறது. சாட்ஸ்வொர்த் வாசகி அதை நேராகவே கேட்டுவிட்டார்.

கிருமிக்கும் என் உடம்புக்கும் வித்தியாசம் தெரியாமலா ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றுகிறது? ஒரு புரதத்தை அது எப்படித்தான் அடையாளம் காண்கிறது?
*வாசகி, சாட்ஸ்வொர்த்*

உண்மையிலேயே அதற்குத் தெரியாது. ஆன்டிபாடி என்பது கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம். அதன் ஐஜிஜி வகை, மூலக்கூறு எடை அலகில் சுமார் 1,50,000 டால்டன் உள்ள, ஒய் வடிவப் புரதம். அதன் இரண்டு கைகளின் நுனியிலும் ஆறு ஆறு சிறு வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று வளையங்கள் ஆன்டிபாடியின் கனச் சங்கிலியைச் சேர்ந்தவை, மற்ற மூன்று அதன் இலகு சங்கிலியைச் சேர்ந்தவை. இந்த ஆறும் சேர்ந்த முகம்தான் எதிரிலுள்ள புரதத்தின் மேல் போய்ப் படிகிறது. படியும் இடத்துக்கு எபிடோப் என்று பெயர். பெரும்பாலும் 15 முதல் 20 அமினோ அமிலங்கள் அதில் தொடும். அவற்றிலும் நாலைந்துதான் பிடியின் பலத்தில் பெரும்பங்கைத் தருகின்றன.

இந்தப் பிடியில் நிரந்தரமான ரசாயனப் பிணைப்பு எதுவும் இல்லை. ஹைட்ரஜன் பிணைப்புகள், நேர்மின்னும் எதிர்மின்னும் இழுப்பது, எண்ணெய்த் தன்மையுள்ள பக்கங்கள் நடுவிலுள்ள தண்ணீரை வெளியே தள்ளி நெருங்குவது, எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமானவை. இரண்டு முகங்களும் மேடு பள்ளம் பொருந்தி நெருங்கினால்தான் இவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அதனால்தான் முக்கியமான இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் பிடி அறவே விட்டுப்போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சார்ந்தே இருக்கிறது. புரதம் நீண்ட சங்கிலிதான் என்றாலும், மடிந்து உருண்ட நிலையில்தான் அது வேலை செய்கிறது. புடவையை மடித்து வைத்தால் முந்தானைப் பூவும் அடியோரத்துப் பூவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவதுபோல, சங்கிலியில் எங்கெங்கோ இருக்கும் அமினோ அமிலங்கள் மடிப்பில் ஓரிடத்தில் சேர்கின்றன. ஆன்டிபாடிகளில் மிகப் பெரும்பான்மை இப்படிச் சேர்ந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன. மடிப்பைக் குலைத்துவிட்டால் அந்த எபிடோப்பே இல்லாமல் போகிறது. சங்கிலியின் தொடர்ச்சியான துண்டை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு, ஆனால் அவை குறைவு.

இதில் எங்குமே 'என்னுடையது', 'வேற்றுப்பொருள்' என்ற முத்திரை கிடையாது. அந்தப் பிரிவினை அதற்கு முன்பே, ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்களை வடிகட்டும்போது நடக்கிறது. எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்துத் தனக்கென ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. குலுக்கல் என்பதால் சொந்தப் புரதத்தைப் பிடிக்கும் முகங்களும் நிறைய வந்துவிடும். மனிதரில் புதிதாக உருவாகும் பி செல்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றில் சில இலகு சங்கிலியை மாற்றிக்கொண்டு தப்பும், சில அழியும், சில செயலற்றுக் கிடக்கும். முதிர்ந்து ரத்தத்துக்கு வரும் பி செல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இப்படிப்பட்டவையாக மிஞ்சும். அது எல்லோர் உடம்பிலும் உள்ளது. நோய் அல்ல.

மிஞ்சிய பி செல் தீங்கு செய்யும் அளவுக்கு வளர, டி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்லின் உதவி வேண்டும். பி செல் தான் பிடித்த புரதத்தை உள்ளே இழுத்து, துண்டாக்கி, தன் மேற்பரப்பில் நிற்கும் எச்எல்ஏ என்ற தாங்கி மூலக்கூறில் வைத்துக் காட்டும். அந்தத் துண்டை அடையாளம் காணும் டி செல் கிடைத்தால்தான் பி செல் பெருகி, தன் ஆன்டிபாடியை மேலும் மேலும் கூர்மையாக்கிக்கொள்ளும். இந்த நோய்கள் குடும்பத்தில் ஓடுவதற்கு எச்எல்ஏ வகை பெரிய காரணமாக இருப்பது இதனால்தான். பி செல் ஒரு புரதத்தை இழுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் மற்ற புரதங்களும் உள்ளே வந்துவிடும். ஓரிடத்தில் தொடங்கிய எதிர்ப்பு காலப்போக்கில் பக்கத்து எபிடோப்களுக்கும் பக்கத்துப் புரதங்களுக்கும் பரவுவது அப்படித்தான்.

அப்பாவுக்கு முடக்குவாதம். ஆன்டி-சிசிபி 210 என்று வந்திருக்கிறது. ஆய்வகத்தின் உச்ச வரம்பு 20. 'உங்கள் புரதம் மாறியிருக்கிறது, சிகரெட்டை விடுங்கள்' என்று டாக்டர் சொன்னார். புரதம் எப்படி மாறும்?
*வாசகர், ஃபீனிக்ஸ்*

புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர்மின் உண்டு. பிஏடி என்ற என்சைம் அதை சிட்ருலின் ஆக மாற்றிவிடும். எடை ஒரு டால்டன்கூட மாறாது, நேர்மின் மட்டும் போய்விடும். அழற்சியுள்ள இடத்திலும் சாகும் செல்களிலும் கால்சியம் ஏறும்போது இந்த என்சைம் வேகமாக வேலை செய்யும். ஃபைப்ரினோஜென், விமென்டின், ஆல்ஃபா-எனோலேஸ் ஆகிய புரதங்கள் அப்படி மாறுபவை. அப்பாவின் ஆன்டிபாடி, அதாவது தாளில் ஆன்டி-சிசிபி என்றிருப்பது, பிடிப்பது அந்த மாறிய இடத்தை. அதே இடத்தில் ஆர்ஜினின் இருந்தால் பிடிக்காது.

சிகரெட் புகை நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது. முடக்குவாதத்தோடு தொடர்புள்ள எச்எல்ஏ-டிஆர்பி1 வகைகளில் துண்டு உட்காரும் குழிகளில் ஒன்று நேர்மின் கொண்டது. ஆர்ஜினினை அது தள்ளும், சிட்ருலினை ஏற்கும். புகையும் இந்த எச்எல்ஏ வகையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காவது இந்த வழியில்தான். மூட்டு வலி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி இருக்கக்கூடும். அதனால் அப்பாவோடு, வீட்டில் புகைபிடிக்கும் பிள்ளைகளும் நிறுத்துவது நல்லது.

210 என்பது உச்ச வரம்பைப்போல பத்து மடங்கு. 2010-ல் வந்த வகைப்பாட்டு விதிகளில் மூன்று மடங்குக்கு மேல் போனாலே 'உயர் பாசிட்டிவ்'. நோயை உறுதிசெய்ய இது பலமான சான்று. சோதனையின் குறிப்புத்தன்மை சுமார் 95 சதவீதம், அதாவது இந்த நோய் இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேருக்கு அது நெகட்டிவ் காட்டும். ஆனால் முடக்குவாதக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு இது நெகட்டிவாகவே இருக்கும். எனவே நெகட்டிவ் என்றால் நோயில்லை என்று ஆகாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. அதற்கு வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையும் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் அளவுகளும் போதும்.

நம் மாகாணத்தில் காசநோய் அதிகம் என்பதால் ஒரு எச்சரிக்கை. காசநோயுள்ள சிலருக்கும் ஆன்டி-சிசிபி பாசிட்டிவ் வரும். அவர்களில் பலரது ஆன்டிபாடி ஆர்ஜினின் உள்ள துண்டையும் அதே பலத்தோடு பிடிக்கும், அதாவது சிட்ருலினைச் சார்ந்து இருக்காது. இருமல், எடை குறைதல், இரவில் வியர்வை இருந்தால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முதலில் முடியட்டும். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி தொடங்குவதற்கு முன் எல்லோருக்குமே காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

எனக்கு 41 வயது. களைப்பு, முடி கொட்டுதல். ஏஎன்ஏ 1:160 பாசிட்டிவ் என்று வந்தது. இணையத்தில் பார்த்தால் லூபஸ் என்கிறது. தூக்கமே வரவில்லை.
*வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

பல உறுப்புகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் லூபஸ். இந்தத் தாளை மட்டும் வைத்து அதுதான் என்று சொல்ல முடியாது. தூங்குங்கள்.

ஏஎன்ஏ என்பது செல்லின் கருவிலுள்ளவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைக் குறிக்கும், அது ஒரே ஆன்டிபாடி அல்ல. ஹெப்-2 என்ற மனித செல்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, உங்கள் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, நீர்த்து ஊற்றி, எது ஒட்டினாலும் பச்சையாக ஒளிரும்படி செய்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் டிஎன்ஏவும் அந்தச் செல்லில் உண்டு. 1:160 என்றால் சீரத்தை 160 மடங்கு நீர்த்தபிறகும் ஒளி தெரிந்தது என்று பொருள். நலமாக உள்ளவர்களிடம் செய்து 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 1:40-ல் சுமார் 32 சதவீதம் பேரும், 1:80-ல் 13 சதவீதம் பேரும், 1:160-ல் 5 சதவீதம் பேரும், 1:320-ல் 3 சதவீதம் பேரும் பாசிட்டிவ். களைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச். இவற்றுக்கு முன் ஏஎன்ஏ எழுதுவது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. தேவையில்லாத பயத்தை அது வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

தாளில் 'பேட்டர்ன்' என்ற வரியைப் பாருங்கள். அடர்த்தியான நுண்புள்ளி, அதாவது டிஎஃப்எஸ்70 என்றிருந்து, வேறு ஆன்டிபாடி எதுவும் இல்லையென்றால், தன்னெதிர்ப்பு நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஒரே சீரான ஒளி என்றால் டிஎன்ஏ அல்லது அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் பக்கம் நினைக்க வேண்டும். பெரும்புள்ளி என்றால் எஸ்எம், ஆர்என்பி என்ற கருப் புரதங்கள். லூபஸ் சந்தேகம் உண்மையிலேயே இருந்தால் அடுத்த படி: சிறுநீரில் புரதமும் ரத்தமும், முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், காம்ப்ளிமென்ட் எனப்படும் எதிர்ப்புப் புரதங்களான சி3, சி4, இரட்டை இழை டிஎன்ஏ ஆன்டிபாடி, எஸ்எம், ஆர்என்பி போன்றவற்றைப் பார்க்கும் ஈஎன்ஏ தொகுப்பு. சிறுநீர்ச் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு. சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். அதை ஒருபோதும் தவறவிடக் கூடாது.

காசநோய்த் தடுப்புக்கு ஐசோனியசிட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரை சிலருக்கு ஹிஸ்டோன் ஆன்டிபாடியையும் ஏஎன்ஏவையும் வரவழைக்கும். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் மூட்டு வலியும் காய்ச்சலும் வரும். மருந்தை நிறுத்தினால் அது அடங்கும். ஆனால் நிறுத்துவதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

என் சின்னம்மாவுக்கு மாலையானால் கண் இமை தொங்குகிறது, சாப்பாடு மெல்ல முடியவில்லை. மயஸ்தீனியா என்றார்கள். ஆனால் ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ். நோய் இருந்தும் ஆன்டிபாடி இல்லாமல் போகுமா?
*வாசகர், லெனேசியா*

ஆன்டிபாடி இருந்தும் சோதனையின் கண்ணில் படாமல் போகலாம். இல்லாவிட்டால் அது வேறொரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியாக இருக்கலாம். இந்த நோயில் அதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையே மாறும்.

மயஸ்தீனியா தசையைச் சோர வைக்கும் தன்னெதிர்ப்பு நோய். நரம்பு முடியும் இடத்தில் தசையின் மேல், நரம்பின் செய்தியை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பி நிற்கிறது. ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த புரதம் அது, அவற்றில் இரண்டு ஆல்ஃபா துண்டுகள். ஆல்ஃபாவின் வெளி நுனியில், 67 முதல் 76 வரையுள்ள அமினோ அமிலங்களை மையமாகக் கொண்ட இடத்துக்கு முதன்மை எதிர்ப்புத் தூண்டிடம் என்று பெயர். ஆன்டிபாடிகளில் பெரும்பகுதி இங்கேதான் உட்காருகின்றன. இந்த நுனி ஏற்பியின் மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு ஆன்டிபாடியின் இரு கைகளும் ஒரே ஏற்பியின் இரு ஆல்ஃபாவையும் பிடிக்க முடியாது. பக்கத்து ஏற்பியைத்தான் பிடித்து இணைக்கும். அப்படி இணைந்த ஏற்பிகளைச் செல் உள்ளே இழுத்து அழித்துவிடும். ஐஜிஜி1, ஐஜிஜி3 வகை என்பதால் காம்ப்ளிமென்ட் புரதங்களும் வந்து தசையின் மேல்மடிப்புகளைச் சிதைக்கும்.

பழைய சோதனையில் தசையிலிருந்து கரைத்தெடுத்த ஏற்பியில், அயோடின்-125 ஏற்றிய பங்காரோடாக்சினை ஒட்டுவார்கள். அது கட்டுவிரியன் இனப் பாம்பின் நஞ்சு. ஏற்பியை விடாமல் பிடிக்கும். பிறகு நோயாளியின் சீரம் அதைப் பிடிக்கிறதா என்று எண்ணுவார்கள். உடல் முழுதும் பரவிய மயஸ்தீனியாவில் 85 சதவீதம் பேருக்கும், கண்ணோடு மட்டும் நிற்பவர்களில் பாதிப் பேருக்கும் இது பாசிட்டிவ். மற்றவர்களில் சிலரது ஆன்டிபாடிக்குப் பிடி பலவீனம். கரைசலில் தனித்தனியாக மிதக்கும் ஏற்பியை ஒரு கையால் பிடித்து விட்டுவிடும். தசையிலோ ஏற்பிகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் இரண்டு கைகளாலும் பிடித்து நிற்கும். இதற்காகத்தான் உயிருள்ள செல்லின் மேல் ராப்சின் என்ற புரதத்தோடு ஏற்பிகளை நெருக்கி நிறுத்தி, அதன்மேல் சீரத்தைச் சோதிக்கும் செல்வழிச் சோதனை வந்தது.

இரண்டாவது சாத்தியம் மஸ்க் என்ற வேறு புரதம். சின்னம்மாவுக்கு விழுங்குவது, பேசுவது, கழுத்து ஆகியவை கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். மஸ்க் ஆன்டிபாடி பெரும்பாலும் ஐஜிஜி4. இவ்வகை ஆன்டிபாடிகள் ரத்தத்தில் பாதிப்பாதியாகப் பிரிந்து இன்னொன்றோடு சேர்ந்துகொள்வதால் இரு கைகளும் வேறு வேறு பொருளைப் பிடிப்பவையாகிவிடும். காம்ப்ளிமென்டைக் கூப்பிடாது, இணைக்கவும் செய்யாது. எல்ஆர்பி4 என்ற புரதம் மஸ்க்கோடு சேரவேண்டிய இடத்தை மறித்து நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஏற்பிகள் கலைந்துபோக அது போதும். இவர்களுக்கு பைரிடோஸ்டிக்மின் அவ்வளவாகப் பயன்படாது, ரிடுக்சிமாப் நன்றாகக் கேட்கும்.

சோதனை வருவதற்குள் செய்யக்கூடியது: துணியில் சுற்றிய ஐஸைத் தொங்கும் இமையின் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். இமை 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் மயஸ்தீனியாவுக்குச் சாதகம். முன்பும் பின்பும் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உண்டா என்று மார்பு சிடி எடுக்க வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், குயினின், நரம்பில் ஏற்றும் மக்னீசியம், பீட்டா பிளாக்கர் ஆகியவை நோயை மோசமாக்கும். இந்தப் பெயர்களை எழுதிக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மூச்சு முட்டினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தம்பிக்கு 34 வயது, ஒல்லி. சர்க்கரை என்று மாத்திரை தந்தார்கள், ஆறு மாதத்தில் கேட்கவில்லை. இப்போது ஜிஏடி, இசட்என்டி8 சோதனை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் டைப் 2 தானே?
*வாசகி, டோங்காட்*

நம்மவர்களிடையே டைப் 2 மிக அதிகம் என்பதாலேயே டைப் 1-ஐக் கோட்டைவிடுகிறோம். ஒல்லியான உடம்பு, இளம் வயது, மாத்திரை சீக்கிரம் கைவிடுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் சோதிப்பது முற்றிலும் சரி.

டைப் 1 தன்னெதிர்ப்பு நோய். ஜிஏடி65, இசட்என்டி8 இரண்டும் இன்சுலின் சுரக்கும் செல்களிலுள்ள புரதங்கள், அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி உண்டா என்றுதான் சோதிக்கிறார்கள். ஜிஏடி65 ஆன்டிபாடி மடிப்பைச் சார்ந்தது. புரதத்தைக் குலைத்துச் செய்யும் சோதனைகளில் இது தெரியாது. பிளாஸ்டிக் தட்டில் பூசும்போதுகூட சில இடங்கள் மறைந்துவிடும். நல்ல எலிசாவில், அதாவது தட்டில் பூசிய புரதத்தைக் கொண்டு செய்யும் சோதனையில், ஆன்டிபாடியின் ஒரு கை தட்டிலுள்ள ஜிஏடியையும் மறு கை கரைசலில் முழு மடிப்போடு மிதக்கும் ஜிஏடியையும் பிடித்தால்தான் கணக்கு. இசட்என்டி8 இன்னும் நுட்பமானது. அந்தப் புரதத்தில் 325-ஆம் இடத்தில் சிலருக்கு ஆர்ஜினின், சிலருக்கு டிரிப்டோஃபான் இருக்கும். ஒரு வகையை மட்டும் பிடித்து மறு வகையை விட்டுவிடும் ஆன்டிபாடிகள் உண்டு. எனவே சோதனையில் இரண்டு வகையும் சேர்ந்திருக்க வேண்டும்.

இவற்றோடு அதே செல்களின் இன்னொரு புரதமான ஐஏ-2வுக்கான ஆன்டிபாடிச் சோதனையும் எடுங்கள். இன்சுலின் ஊசி தொடங்கி இரண்டு வாரம் ஆனபின் இன்சுலின் ஆன்டிபாடி பார்ப்பதில் பொருளில்லை, ஊசியே அதை உண்டாக்கும். ஒரே ஒரு ஆன்டிபாடி மட்டும், அதுவும் வரம்பையொட்டிப் பாசிட்டிவ் என்றால் அவசரப்பட வேண்டாம். நோயில்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒருவருக்கு அப்படி வரும். இரண்டு, மூன்று பாசிட்டிவ் என்றால் சந்தேகமில்லை. சோதனை தெளிவாக இல்லாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து, உடம்பு தானே சுரக்கும் இன்சுலினைக் காட்டும் சி-பெப்டைடு உதவும். லிட்டருக்கு 200 பிகோமோலுக்குக் கீழ் என்றால் டைப் 1, 600-க்கு மேல் என்றால் டைப் 2 பக்கம். பதில் வரும்வரை பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்சுலின் குறைந்த உடம்பில் அவை, சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலத்தைக் கூட்டிவிடும்.

முடிக்கும் நகத்துக்கும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு சோதனையில் கிரேவ்ஸ் நோய் என்று வந்தது. ஆனால் படபடப்பு, எடை குறைதல், எதுவும் இல்லை.
*வாசகி, மெரபேங்க்*

கிரேவ்ஸ் என்பது ஆன்டிபாடி தைராய்டைத் தூண்டி அதிகம் சுரக்கவைக்கும் நோய். மாத்திரைப் பெட்டியில் 'பயோட்டின்' 5 அல்லது 10 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். பல தானியங்கிச் சோதனைகளில் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஜோடியைக் கொண்டுதான் மூலக்கூறுகளை ஒட்டவைக்கிறார்கள். ரத்தத்தில் மாத்திரைப் பயோட்டின் நிறைந்திருந்தால் அது ஒட்டுமிடத்தை அடைத்துவிடும். டிஎஸ்எச் அளவு பொய்யாகக் குறையும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாக ஏறும். டிஎஸ்எச் ஏற்பி ஆன்டிபாடி சோதனையிலோ, எம்22 என்ற அடையாள ஆன்டிபாடியை நோயாளியின் ஆன்டிபாடி எவ்வளவு தள்ளிவிடுகிறது என்றே அளக்கிறார்கள். ஒளி குறைந்தால் ஆன்டிபாடி அதிகம் என்று கருவி எண்ணும். மூன்றும் சேர்ந்தால் அச்சு அசலாக கிரேவ்ஸ் நோய்த் தாள்!

குறைந்தது மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆய்வகத்தில் சொல்லிவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முன், தைராய்டை அடக்கும் கார்பிமசோல் தொடங்க வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான கிரேவ்ஸ் நோயில் அந்த ஆன்டிபாடி, டிஎஸ்எச் உட்காரும் அதே உட்குழிந்த பரப்பில் ஏறத்தாழ ஹார்மோனைப் போலவே படிந்து ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. 2007-ல் படிக அமைப்பில் இது தெளிவாகத் தெரிந்தது.

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று ரொட்டி, பிரெட் எல்லாம் நான்கு மாதமாக விட்டுவிட்டேன். இப்போது சீலியாக் சோதனை நெகட்டிவ். அப்படியானால் மறுபடி சாப்பிடலாமா?
*வாசகர், வெருலம்*

சோதனையே தவறான நேரத்தில் நடந்திருக்கிறது. குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோயில் ஆன்டிபாடி பிடிப்பது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த என்சைமை. ஆனால் அதற்கு உதவும் டி செல் அந்த என்சைமை அறியாது, கோதுமையின் குளூட்டனைத்தான் அறியும். என்சைம் குளூட்டன் துண்டோடு ஒட்டிக்கொள்கிறது. என்சைமைப் பிடித்த பி செல் இரண்டையும் சேர்த்து விழுங்கி, குளூட்டன் துண்டைக் காட்டி டி செல்லின் உதவியைப் பெறுகிறது. குளூட்டன் நின்றால் உதவி நிற்கும், ஆன்டிபாடியும் மெல்ல இறங்கும்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தினம் குறைந்தது 3 கிராம் குளூட்டன், அதாவது இரண்டு துண்டு பிரெட், இரண்டு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய குவார்ட்டர் பன்னி சாப்பிட்டால் தேவைக்கு மேலேயே ஆகிவிடும். இந்தச் சோதனை அளக்கும் ஆன்டிபாடி வகையான ஐஜிஏவின் மொத்த அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவர்களுக்குச் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். கோதுமையை மறுபடி தொடவே முடியாத அளவுக்கு உபாதை இருந்தால் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை போதும். இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்றே கொள்ளலாம். அந்த மரபணுச் சோதனைக்கு உணவு மாற்றத் தேவையில்லை.

பேரனுக்கு ஒன்பது வயது. தொண்டை வலி வந்து மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி, இதய வால்வில் கசிவு என்றார்கள். தொண்டைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?
*ஓர் ஆயா, ஸ்டாங்கர்*

ஆயா, தொண்டையிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இதயத்துக்குப் போகவில்லை. அதை எதிர்க்க உண்டான ஆன்டிபாடிகள்தான் போயின. கிருமியின் மேலுள்ள எம் புரதம், இரு சுருள்கள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புள்ளது. இதயத்தின் மயோசினும் அதே அமைப்பு. கிருமியின் சுவரிலுள்ள சர்க்கரையைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் சில வால்வின் மேல்படலத்தையும் பிடிக்கின்றன. படலம் கலைந்ததும் டி செல்கள் உள்ளே நுழைந்து தழும்பை உண்டாக்குகின்றன. பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இதுவே.

பேரனுக்கு இனி முக்கியமானது பென்சத்தீன் பென்சிலின் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆபத்து அதிகமென்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பெரிய பிள்ளைகளுக்கு 12 லட்சம் யூனிட், சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. எடை பார்த்து டாக்டர் சொல்வார். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது பத்து ஆண்டு, பலருக்கு 40 வயதுவரை. ஒவ்வொரு புதிய தொண்டைத் தொற்றும் அந்த ஆன்டிபாடிகளை மறுபடி எழுப்பும் என்பதால்தான் இவ்வளவு நீண்ட காலம். ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. நன்றாக ஓடியாடுகிறான் என்று நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஊசி வலிக்கும். டாக்டர் சம்மதித்தால் லிக்னோகெய்ன் கலந்து போடச் சொல்லுங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்குத் தொண்டை வலி காய்ச்சலோடு வந்தால் ஒன்பது நாளுக்குள் பென்சிலின் தொடங்கினால் இந்த நோயைத் தடுக்கலாம். 2005-ல் நம் டிராக்கன்ஸ்பெர்க்கில் கூடிய ஆப்பிரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியதும் இந்தத் தடுப்பைத்தான்.

மகள் எட்டு வாரக் கர்ப்பம். ஆன்டி-ரோ பாசிட்டிவ். குழந்தையின் இதயத்துக்கு ஆபத்தாமே?
*வாசகி, லேடிஸ்மித்*

தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ரோ என்ற சொந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டி-ரோவும் போகும். இதயத் துடிப்பைக் கடத்தும் இழை பாதிக்கப்படுவது இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டில்தான். முந்தைய குழந்தைக்கு நேர்ந்திருந்தால் ஐந்தில், ஆறில் ஒன்று. 16 முதல் 26 வாரம்வரை கருவின் இதய ஸ்கேன் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இப்போதே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை பற்றியும் இப்போதே கேளுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். பிறந்தபின் முகத்தில் சிவப்புப் படை வந்தால் ஆறு முதல் எட்டு மாதத்தில் தாயின் ஆன்டிபாடி தீரும்போது அதுவும் போய்விடும்.

ஒரே மாதத்தில் இரண்டு ஆய்வகங்களில் டிஎன்ஏ ஆன்டிபாடி எடுத்தேன். ஒன்றில் 85, மற்றதில் நெகட்டிவ். யாரை நம்புவது?
*வாசகர், உம்கோமாஸ்*

இரண்டும் சரியாக இருக்கலாம். எலிசா பலவீனமான பிடியையும் எண்ணும். கிரிதிடியா என்ற ஒற்றைச் செல் உயிரியின் டிஎன்ஏ மேல் செய்யும் சோதனை பலமான பிடியைத்தான் காட்டும். அது நெகட்டிவானாலும் எலிசாவில் குறைந்த அளவு வரலாம். எந்த முறை என்று இரண்டு தாளிலும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். அலகுகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒன்றில் 85 என்பது இன்னொன்றின் 85 ஆகாது. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு மாறினாலும் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சி3, சி4, சிறுநீர்ப் புரதத்தோடு சேர்த்துப் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரத்தம் எடுப்பவரிடம் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தும், வைட்டமின் உட்பட, எழுதிய தாளைக் கொடுத்துவிடுங்கள்.